டெட்ஹெடிங்: ‘வாடுபூக் கொய்தல்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

செண்டுமல்லியை விதையிலிருந்து வளர்ப்பது பற்றி நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் பெரும்பாலானவை சிக்கலின்றி முடிந்துவிட்டன. நாற்று, நாற்றழுகல், நுனி கிள்ளுதல் எல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பவை. டெட்ஹெடிங், அதாவது வாடிய பூக்களைச் செடியிலிருந்து நீக்குவது, ஒன்றுதான் இழுபறியாக நிற்கிறது. இதுவரை வந்தவை மூன்று: இறந்த தலை நீக்கம், செம்மல் நீக்கம், பூந்தலை கிள்ளல்.

சொல்லுக்கு முன் செயலைப் பார்த்துவிடுவோம். செண்டுமல்லியில் நாம் ஒரு பூ என்று சொல்வது பல சிறு பூக்கள் நெருங்கிய கொத்து. அதன் அடியில் பச்சைக் கிண்ணம் போன்ற பகுதி இருக்கிறது. விதைகள் உருவாவது அதற்குள்தான். கறுத்த மெல்லிய குச்சி போல, நுனியில் வைக்கோல் நிறக் குஞ்சத்தோடு இருக்குமே, அந்த விதை. விதை முற்றத் தொடங்கினால் செடியின் ஊட்டம் அங்கே போய், புது மொட்டுகள் குறைகின்றன. அதனால்தான் வாடிய பூவை எடுக்கிறோம். மேலே தெரியும் இதழ்களை உருவிவிட்டால் மட்டும் போதாது, கிண்ணம் செடியிலேயே தங்கிவிடும். காம்போடு, கீழே அடுத்த இலைக்கணுவை ஒட்டி வெட்ட வேண்டும்.

இதற்கு நல்ல சான்று ஆப்பிரிக்க, பிரெஞ்சு வகைகளைக் கலந்து உருவாக்கிய மும்மயக் கலப்பினங்கள் (மூன்று தொகுதி குரோமோசோம்கள் கொண்டவை). அவை விதை பிடிப்பதில்லை. வாடியதை எடுக்காவிட்டாலும் தொடர்ந்து பூக்கின்றன.

இப்போது சொற்களுக்கு வருவோம். ‘இறந்த தலை’ ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது. தமிழில் பூ வாடும், வதங்கும், உதிரும், இறக்காது. இது வேண்டாம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

வாடிய பழம்பூவைக் குறிக்கும் ‘செம்மல்’ எனக்கு மிகவும் பிடித்த முன்மொழிவு. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பருவங்களுக்கு நம்மிடம் ஒரு வரிசையே இருக்கும்போது அதிலிருந்து எடுப்பதுதான் இயல்பு. ஆனால் இன்று செம்மல் என்றதும் பெருமைக்குரிய மனிதர்தான் நினைவுக்கு வருகிறார். விதைப் பொட்டலத்தின் பின்புறம் ‘செம்மல் நீக்கம்’ என்று அச்சிட்டால் புதிதாகத் தோட்டம் போடுபவருக்கு எதுவும் விளங்காது. உதிரும் பூவைக் குறிக்கும் ‘வீ’ ஓரெழுத்துச் சொல். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

‘பூந்தலை கிள்ளல்’ என்பதில் பூந்தலை சரி, கிள்ளல்தான் இடிக்கிறது. நாற்று ஏறக்குறைய 15 செ.மீ. உயரம் வந்ததும் பக்கக் கிளைகளுக்காக நுனியைக் கிள்ளுகிறோம். அது பூக்கும் முன் செய்வது, இது பூத்த பின் செய்வது. இரண்டுக்கும் ஒரே வினை இருந்தால் மொட்டையே கிள்ளிவிட வாய்ப்புண்டு. அப்புறம், ரோஜா போன்ற தனிப்பூக்களுக்கும் இதே சொல் வேண்டுமே, அங்கே பூந்தலை பொருந்தாது.

ஆகவே என் முன்மொழிவு: வாடுபூக் கொய்தல். ‘வாடுபூ’ வினைத்தொகை, வாடிய, வாடுகிற, வாடும் பூ மூன்றையும் குறிக்கும். முழுதும் காயும்வரை காத்திராமல், வாடத் தொடங்கியதுமே எடுக்க வேண்டும் என்பதால் அது கூடுதல் பொருத்தம். ‘கொய்தல்’ என்றாலே காம்போடு எடுப்பது என்ற எண்ணம் வரும், இதழ் உருவுவதோடு குழம்பாது.

எதிர்ச்செயலுக்குப் புதுச்சொல் தேவையில்லை. சில பூக்களைக் கொய்யாமல் கிண்ணம் பழுப்பாகிக் காயும்வரை விடுகிறோம் அல்லவா, அதற்கு ‘விதைக்கு விடுதல்’ என்ற வழக்கே இருக்கிறது. அதை அப்படியே பட்டியலில் சேர்க்கலாம்.

சோதனைக்கு இரண்டு வாக்கியங்கள்: “முதல் பூக்கள் நிறம் மங்கியதும் வாடுபூக் கொய்யத் தொடங்கவும். கலப்பினம் அல்லாத செடிகளில் நல்ல பூக்கள் சிலவற்றை விதைக்கு விடவும்.”

மாற்றுக் கருத்துள்ளவர்கள் இதே வாக்கியங்களில் தங்கள் சொல்லை வைத்து எழுதிக் காட்டினால் ஒப்பிட எளிதாக இருக்கும். ‘வாடுபூக் கொய்தல்’ எனப் பிரித்து எழுதுவதா, ‘வாடுபூக்கொய்தல்’ எனச் சேர்த்தா என்பதையும் இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.