புதுப்பிப்பு: பழைய ரௌட்டரால் தறிக்குடோனுக்கும் வைஃபை கிடைத்துவிட்டது

சோமனூர் அருகே எங்கள் வீட்டு ஆசாரத்தில் (முன்கூடத்தில்) இருக்கும் மோடத்தின் சிக்னல் பின்புறத் தறிக்குடோனை எட்டவில்லை என்றும், சும்மா கிடக்கும் பழைய ரௌட்டரை அங்கே பயன்படுத்தலாமா என்றும் முன்பு கேட்டிருந்தேன். அது இப்போது நன்றாக இயங்குகிறது.

மோடத்தின் முகவரி 192.168.1.1 என்பதால், பழைய ரௌட்டருக்கு 192.168.1.2 என்று கொடுத்து, மோடம் மற்ற சாதனங்களுக்கு வழங்கும் முகவரி வரிசையில் அந்த எண் வராதபடி பார்த்துக்கொண்டேன். அடுத்து ரௌட்டரின் டிஹெச்சிபியை, அதாவது சாதனங்களுக்குத் தானாக முகவரி வழங்கும் வசதியை, நிறுத்தினேன். இதை மட்டும் யாரும் விட்டுவிட வேண்டாம். ஒரே நெட்வொர்க்கில் இரண்டு கருவிகள் முகவரி வழங்கினால், சில போன்களில் இணையம் வரும், சிலவற்றில் வராது, காரணமும் எளிதில் பிடிபடாது. மோடத்திலிருந்து வரும் கேபிளை ரௌட்டரின் வேன் (WAN, இணைய இணைப்புக்கான) போர்ட்டில் அல்லாமல் லேன் (LAN, வீட்டுச் சாதனங்களுக்கான) போர்ட் ஒன்றில் செருகினேன். ஆக்சஸ் பாயிண்ட் மோடு (வைஃபையை மட்டும் பரப்பும் அமைப்பு) உள்ள ரௌட்டராக இருந்தால் இவற்றில் பெரும்பாலானவற்றை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இரண்டின் வைஃபைக்கும் ஒரே பெயரும் கடவுச்சொல்லும் வைத்து, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சேனலை மட்டும் ஒன்றோடொன்று குறுக்கிடாதபடி 1, 11 எனப் பிரித்தேன். கேபிள் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். வெயில் படும் இடத்தில் பிவிசி குழாய்க்குள் கொண்டுபோவது நல்லது.

குடோனில் உண்மையான தொல்லை பஞ்சுத் தூசிதான். ரௌட்டரின் காற்றுத் துளைகளில் அது வெள்ளையாகப் படிந்து சூட்டை அடைத்துவிடுவதால், தறிகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டி, வாரந்தோறும் பிரஷ்ஷால் துடைத்துவருகிறோம்.