கிட்டாருக்கு எந்தக் கம்பி? நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

ரெண்டு வருஷத்துக்கு முன்னால, கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸுக்கு நாலு நாள் இருக்கும்போது என் கிட்டார்ல கம்பி அறுந்துட்டு. தெருத்தெருவா வாசல்ல நின்னு பாடும்போது மைக் கிடையாது. இருபது பேர் குரலுக்கு நடுவுல கிட்டார் கேக்கணுமேன்னு, கடையில "நல்லா கனமான செட்டா குடுங்க"ன்னேன். 13 செட் குடுத்தாங்க. என்ன கிட்டார்னு அவங்க கேக்கல, நானும் சொல்லல.

டிசம்பர் நல்லாத்தான் போச்சு. சித்திரை வெயில்ல ஒரு நாள், பிரிட்ஜுக்கு (பலகை மேல கம்பி மாட்டுற கட்டை) பின்னால மயிரிழை மாதிரி ஒரு இடைவெளி கண்ணுல பட்டது. பஸ் டிக்கெட்டைச் சொருகிப் பார்த்தேன், பாதி உள்ள போயிட்டு. பிரிட்ஜுக்குப் பின்பக்கம் பலகையும் லேசா உப்பியிருந்தது. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

13 செட்னா முதல் கம்பி, அதாவது இருக்குறதுலயே மெல்லிசானது, 0.013 இன்ச் தடிமன். வழக்கமான சுருதிக்கு ஏத்தினா ஆறு கம்பியும் சேர்ந்து 80 கிலோவுக்கு மேல இழுக்கும். 12 செட்னா 70 கிலோவைத் தாண்டும், 10 செட் 60 கிலோவை ஒட்டி நிக்கும். ஒண்ணரை சிமெண்ட் மூட்டை பாரத்துக்கும் மேல, ஒரு மெல்லிசு பலகையை ராப்பகலா இழுத்துக்கிட்டே இருந்திருக்கு. என்னோடது சின்ன உடம்புக் கிட்டார் வேற.

நாகர்கோவில்ல ரிப்பேர் பாக்குற ஒரு அண்ணாச்சிகிட்ட கொண்டு போனேன். சின்னக் கண்ணாடியை ஓட்டைக்குள்ள விட்டு டார்ச் அடிச்சுக் காமிச்சாரு. உள்ள குறுக்குக் கட்டை ஒண்ணு நுனியில பசை விட்டிருந்தது. "கம்பி வாங்குறதுக்கு முன்னால கிட்டாரப் பாக்கணும்லா தம்பி" அப்படின்னாரு. பிரிட்ஜைக் கழட்டி ஒட்டி, 11 செட் போட்டுக் குடுத்தாரு. கம்பி மாறினா கழுத்தோட வளைவும் மாறும்னு, கழுத்துக்குள்ள இருக்குற வளைவைச் சரிபண்ற ராடையும் கொஞ்சம் திருப்பி விட்டாரு. இப்ப பார் கார்ட் (ஒரே விரலைக் குறுக்கப் போட்டுப் பல கம்பியை அழுத்துறது) பிடிச்சா விரல் வலிக்கிறதில்லை.

இன்னொண்ணும் அவர்கிட்டதான் கத்துக்கிட்டேன். தடிமனான கம்பிங்க மேல சுத்தியிருக்குற உலோகத்தைத்தான் கம்பி உறையில '80/20 பிரான்ஸ்'னு போட்டிருக்கும். 80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம். நம்ம டவுன் பாத்திரக்கடையில கேட்டா இதைப் பித்தளைன்னுதான் சொல்லுவாங்க. பாஸ்பர் பிரான்ஸ்லதான் செம்போட வெள்ளீயம் சேருது, அதுதான் நிஜ வெண்கலம். பித்தளைச் சுத்து பளீர்னு கேக்கும், புதுசுல ரொம்பவே. வெண்கலச் சுத்து கொஞ்சம் கனிஞ்ச சத்தம், பாட்டுக்குப் பின்னால வாசிக்க எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. ஆலயத்துல பாமாலைக்கு வாசிக்கிறவங்க ஒரு தடவை போட்டுப் பாருங்க.

உவரியிலிருந்து:

பாளையங்கோட்டை அண்ணாச்சி, உங்களுக்குப் பாரம் பிரச்சினை, எங்களுக்கு உப்புக்காத்து. சாதாரணக் கம்பி போட்டா மூணாவது வாரம் முதல் ரெண்டு கம்பியும் சொரசொரன்னு ஆயிரும். வாசிச்சு முடிச்சா விரல் நுனியில கறுப்பா ஒரு கோடு. இப்ப கோட்டிங் போட்ட கம்பிதான் வாங்குறேன். எலிக்ஸிர் கம்பெனியோடது, 12 செட். விலை ரெண்டு மடங்குக்கு மேல, ஆனா நாலு மாசம் ஓடுது. புதுக்கம்பியோட அந்தக் கணீர் கொஞ்சம் குறையும், உண்மைதான். கடலோரத்துல இருக்குறவங்களுக்கு அது பெரிய நட்டமில்லை. வாசிச்சதும் பழைய வேட்டித் துணியால கம்பிக்கு அடிப்பக்கமும் சேர்த்துத் துடைச்சு, பையில வச்சு மூடுங்க. சுவத்துல மாட்டாதீங்க.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

என் மகளோட கிட்டார்ல மேல மூணு கம்பி உலோகம் சுத்தினது, கீழ மூணு தூண்டில் நரம்பு மாதிரி. அந்த மூணும் யாரோ தப்பா மாட்டினதுன்னு நெனச்சு ஸ்டீல் செட் வாங்கிட்டு வந்துட்டேன். அது நைலான் கிட்டார். மேல உள்ள மூணுலயும் உள்ள இருக்கிறது நைலான் இழைதான், வெளிய மட்டும் உலோகச் சுத்து. ஸ்டீல் கம்பியோட இழுவையை அந்தப் பலகை தாங்காதுன்னு மகளோட மாஸ்டர் தடுத்துட்டாரு. பிரிட்ஜ்ல கம்பியைச் சொருகிப் பிடிக்கிற பின் (சின்ன முளை) இல்லாம கம்பியை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தா, தலைப்பகுதியில நீளமா ரெண்டு துவாரமும் இருந்தா, அது நைலானுக்குச் செஞ்ச கிட்டார். அப்புறம் நார்மல் டென்ஷன் (சாதாரண இழுவை) நைலான் செட் போட்டோம். புதுசுல நாலஞ்சு நாள் சுருதி இறங்கிக்கிட்டே இருந்தது. கம்பி மட்டம்னு நெனச்சிராதீங்க, நைலான் இழுபட்டு அடங்குறவரை அப்படித்தான். எங்க வீட்டுல ஒரு வாரம் அவ பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னால ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை ஏத்திக்கிட்டே இருந்தா.