புது ஆமையின் மலத்தில் வெள்ளைப் புழு: நாய்க்கு வாங்கிய பூச்சி மருந்தைக் கொடுக்கலாமா?

கேள்வி: குரோய்டன்வாசி

வணக்கம். லண்டனில் இருக்கிறோம். வீட்டில் ஏற்கெனவே ஹெர்மன் என்ற வகை நில ஆமை ஒன்று உண்டு. தெரிந்தவர் வீடு மாறுவதால் அவருடைய ஹார்ஸ்ஃபீல்டு என்ற வேறு வகை நில ஆமையையும் எடுத்துக்கொண்டோம். வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டபோது மலம் கழித்தது. அதில் வெள்ளை நூல் துண்டுகள் மாதிரி ஏதோ நெளிந்தது, ஒவ்வொன்றும் அரை சென்டிமீட்டர்கூட இருக்காது. ஆமை நன்றாகச் சாப்பிடுகிறது, கண்ணும் மூக்கும் சுத்தமாக இருக்கின்றன. நாய்க்கு வாங்கிய பூச்சி மருந்து மிச்சம் இருக்கிறது, அளவைக் குறைத்துக் கொடுக்கலாமா? இரண்டையும் எப்போது ஒன்றாக விடலாம்? மகள் தினமும் கேட்கிறாள்.

பதில்: தோட்டத்து அக்கா

தம்பி, அந்த மருந்தைத் தொடவே வேண்டாம். சில நாய் மருந்துகளில் ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி இருக்கும். ஆடு மாடுகளுக்கும் அதைப் போடுவார்கள், ஆனால் ஆமைக்கு அது விஷம். கைகால் தளர்ந்து, மூச்சு விட முடியாமல் செத்துப்போகும். அளவைக் குறைப்பதால் ஆபத்து போய்விடாது.

நீங்கள் பார்த்தது அநேகமாக ஆக்ஸியூரிட், நம் கீரிப்பூச்சிக்கு உறவு. நில ஆமைகளில் இது சர்வ சாதாரணம். கொஞ்சம் இருந்தால் கெடுதல் இல்லை, பெருகினால்தான் தொல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். உருண்டைப்புழு முட்டையும் ஃபிளாஜெல்லேட் என்ற ஓரணு உயிரிகளும் நுண்ணோக்கியில்தான் தெரியும். ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் மலப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

சுண்டைக்காய் அளவு போதும். மண் ஒட்டாமல் எடுங்கள், மண்ணிலேயே வாழும் புழுக்கள் சேர்ந்தால் பார்ப்பவருக்குக் குழப்பம். மூடி போட்ட டப்பாவில், காயாமல், அன்றைக்கே கொண்டுபோவது நல்லது. முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசர் கூடாது.

பதில்: லெஸ்டர் நர்ஸ்

விலங்கு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். அக்கா சொன்னதோடு ஒன்று: முட்டையை மிதக்கவிட்டுப் பார்க்கும் சோதனை, ஈர மலத்தை நேரடியாகப் பார்க்கும் சோதனை, இரண்டையும் கேளுங்கள். ஃபிளாஜெல்லேட்டுகள் மலம் ஆறினால் சீக்கிரம் அசைவற்றுப்போகும். ஃப்ரிட்ஜில் வைத்த மலம் முதல் சோதனைக்கு மட்டும்தான் உதவும்.

ஒரு தடவை ஒன்றும் இல்லை என்று வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். புழு தினமும் முட்டை போடாது. சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

அப்புறம், இரண்டையும் ஒன்றாக விடும் எண்ணத்தையே கைவிடுங்கள். கடைகளுக்கு வரும் ஹார்ஸ்ஃபீல்டுகளில் நிறைய மத்திய ஆசியக் காடுகரைகளில் பிடித்தவை. வெளியே ஒன்றும் தெரியாமலே ஹெர்பிஸ் வைரஸைச் சுமக்கலாம். ஹெர்மனுக்குத் தொற்றினால் பிழைப்பது கஷ்டம். வேறு வேறு இனங்களைச் சேர்த்து வளர்ப்பதே தப்பு என்பேன். ஒரே இனமாக இருந்தாலும் குறைந்தது ஆறு மாதம் தனி அறை, தனித் தட்டு, தனிக் குளியல் தொட்டி. பழைய ஆமையைக் கவனித்துவிட்டு அப்புறம் புதிதிடம் போங்கள். சமையலறைத் தொட்டியில் குளிப்பாட்டக் கூடாது. பாப்பா தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், நல்ல ஆமையிடமும் வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

குரோய்டன்வாசி

மிக்க நன்றி. முடிவு வந்துவிட்டது: ஆக்ஸியூரிட் முட்டைகள் ஏராளம், ஃபிளாஜெல்லேட் இல்லை. மருத்துவர் எடை பார்த்து ஃபென்பெண்டசோல் என்ற பூச்சி மருந்து கொடுத்திருக்கிறார். அதே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுக்கலாமா? குளிர்காலம் முழுக்க ஆமைகள் தூங்குமே, அப்படித் தூங்க விடலாமா?

லெஸ்டர் நர்ஸ்

மருத்துவர் சொன்ன முறைக்கு மேல் ஒரு வேளைகூட வேண்டாம். ஹெர்மன் ஆமைகளில் இந்த மருந்து வெள்ளையணுக்களைக் குறைத்தது பதிவாகியிருக்கிறது, அதனால்தான் புழு முட்டைகளின் எண்ணிக்கை பார்த்துக் கொடுக்கிறோம். மருந்தைவிட முக்கியம் கூண்டு. இந்தப் புழு பரவ நடுவில் வேறு உயிர் தேவையில்லை. மலத்தில் விழுந்த முட்டை இலையோடு திரும்ப வாய்க்குள் போகும். கூண்டிலுள்ள மண்ணை எடுத்துவிட்டு, நாள்தோறும் மாற்றும்படி செய்தித்தாள் விரியுங்கள். மலத்தை உடனே அள்ளுங்கள், தீவனத்தைத் தட்டில் மட்டும் வையுங்கள்.

மறுபரிசோதனையில் எண்ணிக்கை இறங்கி, எடையும் நிலைத்து, மருத்துவர் சரி என்றால்தான் தூக்கம். இல்லையென்றால் இந்தக் குளிர்காலம் முழுக்க விளக்கு போட்டு விழித்திருக்க வையுங்கள். ஒரு வருடம் தூங்காததால் ஒன்றும் ஆகிவிடாது.