ஜீனோவின் புதிரைக் கணிதம் தீர்த்துவிட்டதா?

கணக்குப்புலி: "ஜீனோவுக்குக் கணிதம் இன்றுவரை பதில் சொல்லவில்லை" என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். எரிச்சலாக இருக்கிறது. ஓடுபவன் இலக்கை அடையுமுன் பாதி தூரத்தைக் கடக்க வேண்டும், பிறகு மீதியில் பாதியை, அதிலும் பாதியை; இது முடிவதே இல்லை, ஆகவே அவன் சேரவே மாட்டான் என்பது அந்தப் பழைய கிரேக்கத் தத்துவஞானியின் புதிர். பாதி, மீதியில் பாதி, அதிலும் பாதி என்று கூட்டிக்கொண்டே போனால் 1. பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷி 1821-லேயே இதை ஒழுங்குபடுத்திவிட்டார்.

கேள்விக்குறி: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். கூட்டுத்தொகை 1 என்பதை யார் மறுத்தார்கள்? கடைசி அடி எது?

கணக்குப்புலி: கடைசி அடி கிடையாது, தேவையும் இல்லை. தூரம் பாதியாகும்போது நேரமும் பாதியாகிறது.

கேள்விக்குறி: அது அரிஸ்டாட்டில் 'இயற்பியல்' ஆறாம் பகுதியில் சொன்ன பதில். எட்டாம் பகுதியில் அவரே திரும்பி வந்து, கேட்டவரின் வாயை அடைக்க அது போதும், விஷயத்துக்குப் போதாது என்கிறார். கோட்டை எங்கு வேண்டுமானாலும் வெட்டலாம், அதற்காக அது ஏற்கெனவே வெட்டிவைத்த துண்டுகளால் ஆனதல்ல என்று புதிதாக யோசிக்கிறார். அவருக்குத் தெரிந்த குறை உங்களுக்குத் தெரியவில்லை. கடைசி அடி எது?

தெருவிளக்கு: இயக்கமே இல்லை என்ற வாதத்துக்குக் கிரேக்கத் தத்துவஞானி டயோஜெனிஸ் எழுந்து நடந்து காட்டினாராம். அது போதாதா?

கேள்விக்குறி: நடப்பது கண்ணுக்குத் தெரியும் என்பது ஜீனோவுக்குத் தெரியாதா? அவர், மாற்றமும் இயக்கமும் வெறும் தோற்றம் என்ற பார்மெனிடிஸின் மாணவர். கண்ணை நம்பலாமா என்பதே வழக்கு. பித்தகோரஸ் இழையிலும் இப்படித்தான் ஒரு வரி எழுதிவிட்டு ஓடிப்போனீர்கள்.

தெருவிளக்கு: நான் ஓடவில்லை. நீங்கள்தான் மட்டுறுத்துநரிடம் புகார் கொடுத்தீர்கள்.

நீலவானம்: பிரெஞ்சுத் தத்துவஞானி பெர்க்சனை யாரும் பேசவில்லையே. கடந்த பாதையைத்தான் துண்டுபோடலாம், ஓட்டத்தைத் துண்டுபோட முடியாது என்றார் அவர். அப்புறம், வேகமாக ஓடும் அகிலிஸ் முன்னே புறப்பட்ட ஆமையை எட்டவே முடியாது என்று ஜீனோவின் இன்னொரு புதிர் இருக்கிறதே, அரிஸ்டாட்டிலிடம் அதில் ஆமையே இல்லை. 'மிக மெதுவாக ஓடுபவர்' மட்டும்தான். ஆமை பின்னால் வந்த உரையாசிரியர்களிடம் வருகிறது.

கணக்குப்புலி: ஆமையை விடுங்கள். வெவ்வேறு கணத்தில் வெவ்வேறு இடத்தில் இருப்பதுதான் இயக்கம், அதற்குமேல் ஒன்றுமில்லை என்று ஆங்கிலத் தத்துவஞானி ரஸ்ஸல் 1903-இல் முடித்துவிட்டார்.

கேள்விக்குறி: முடித்தாரா? 1954-இல் தாம்சன் என்ற தத்துவஞானி ஒரு விளக்கை வைத்துக் கேட்டார். 1 நிமிடம் எரிய விடு, அரை நிமிடம் அணைத்து வை, கால் நிமிடம் எரிய விடு, இப்படியே. மொத்தம் 2 நிமிடம். முடிவில் விளக்கு எரிகிறதா, இல்லையா?

கணக்குப்புலி: 1962-இல் பெனசெராஃப் என்ற இன்னொரு தத்துவஞானி பதில் சொல்லிவிட்டார். அந்த விதிகள் 2 நிமிடத்துக்கு முந்தைய கணங்களைப் பற்றியவை. 2-ஆவது நிமிடம் முடியும் கணத்தைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை. முரண்பாடே இல்லை.

கேள்விக்குறி: அப்படியானால் உங்கள் பாதிகளின் வரிசையும் முடிவுப்புள்ளியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஓடுபவன் அங்கே வந்து சேர்ந்தான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

கணக்குப்புலி: ஓட்டம் தொடர்ச்சியானது. விளக்கு அப்படியல்ல.

கேள்விக்குறி: அந்தத் தொடர்ச்சியைத்தானே ஜீனோ கேள்வி கேட்கிறார்! கடைசி அடி எது?

தெருவிளக்கு: புகார் விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.