மாரிஸ் கிளாரெட்: கேஸ் தோத்ததாலதான் எல்லாம் போச்சா?

கேள்வி:
மாரிஸ் கிளாரெட், அமெரிக்க ஃபுட்பாலில் 2002 ஓஹாயோ ஸ்டேட் காலேஜ் டீமின் ரன்னிங் பேக், அதாவது பந்தைத் தூக்கிட்டு ஓடுறவர். முதல் வருஷமே 1,237 யார்டு ஓடினார். காலேஜ் சாம்பியனை முடிவு பண்ணின ஃபியஸ்டா பௌல் ஃபைனலில் எதிரணி மயாமியின் ஷான் டெய்லர் பந்தைப் பிடிச்சிட்டு ஓட, துரத்திப்போய் கையிலிருந்தே பிடுங்கினார். ரெண்டாவது ஓவர்டைமில் ஜெயிச்சுக் கொடுத்த டச்டவுனும் (பந்தோட எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கிற ஸ்கோர்) கிளாரெட்டுடையது. அதுக்கப்புறம் காலேஜில் ஒரு மேட்ச்கூட ஆடலை. சீக்கிரமே உள்ளே விடச் சொல்லி தொழில்முறை லீகான என்எஃப்எல் மேல போட்ட கேஸ் முதலில் ஜெயிச்சு, அப்பீலில் எப்படித் தோத்தது?

பதில் 1:
டிராஃப்டுக்கு, அதாவது என்எஃப்எல் டீம்கள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கிற நிகழ்வுக்கு, வரணும்னா ஹைஸ்கூல் முடிச்சு மூணு சீசன் ஆகணும்ங்கிறது விதி. அவர் முடிச்சது 2001 டிசம்பர், அப்போ 2005 டிராஃப்ட் வரை காத்திருக்கணும். இது சந்தைப் போட்டியைத் தடுக்கிற ஏற்பாடுன்னு 2004 பிப்ரவரியில் நீதிபதி ஷீரா ஷைண்ட்லின் ஒத்துக்கிட்டார். அப்பீலில் கேள்வியே மாறிடுச்சு. யார் வேலைக்கு வரலாம்ங்கிறது லீகும் வீரர்கள் சங்கமும் பேசி முடிக்க வேண்டியது, ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு அங்கே இடமில்லைன்னு அப்பீல் நீதிபதி சோனியா சோட்டோமயோர் எழுதினார். இன்னும் சங்கத்தில் சேராத பையனையும் அவங்க பேசி முடிச்சது கட்டுப்படுத்தும். அங்கதான் கேஸ் விழுந்தது. ஷைண்ட்லின் தீர்ப்பை அப்பீல் கோர்ட் நிறுத்திவைச்சது ஏப்ரல் 19, டிராஃப்டுக்கு அஞ்சே நாள் முன்னாடி.

பதில் 2:
சட்டம் சரி, ஆனா சரிவு 2003லேயே ஆரம்பிச்சாச்சு. காரிலிருந்து திருடு போனதா சொன்ன பொருட்களுக்குக் கூடுதல் மதிப்பு காட்டி போலீஸில் புகார், விதிமீறிய சலுகைகள், விசாரணையில் பொய். அந்த சீசன் முழுக்க சஸ்பென்ஷன். அடுத்த வருஷம் கோர்ட்டோடு போச்சு. ரெண்டு வருஷம் மேட்ச் இல்லாம 2005 கம்பைனில் (டிராஃப்டுக்கு முன்னாடி வீரர்களைச் சோதிக்கிற முகாம்) 40 யார்டு ரெண்டு தடவை ஓடினார்: 4.72, 4.82 விநாடி. ரன்னிங் பேக்குக்கு இது ரொம்ப மெதுவு. தனியா பயிற்சி செஞ்சா கால் வலுவாகும். முன்னால மோதுற வீரர்களோட வரிசையில் இடைவெளி திறந்து மூடுற அரை விநாடியைக் கண்டுபிடிக்கிற கண், ஆட ஆடத்தான் கூர்மையாகும். அப்படியும் டென்வர் டீம் அந்த டிராஃப்டில் 101வது ஆளா எடுத்தது. உத்தரவாதப் பணத்தை விட்டுட்டு, நல்லா ஆடினா மட்டும் கிடைக்கிற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். தொடை இடுக்கில் காயம், ஆகஸ்டில் டீமை விட்டு வெளியே. கையில் ஒண்ணும் மிஞ்சலை.

பதில் 3:
இதே கேஸ் யுஎஸ்சி காலேஜின் ரிசீவர் (வீசுற பந்தைப் பிடிக்கிறவர்) மைக் வில்லியம்ஸையும் சாய்ச்சது. பிப்ரவரி தீர்ப்பை நம்பி ஏஜென்ட் வைச்சார். தீர்ப்பு கவிழ்ந்ததும் காலேஜ் ஆட்டத்துக்குத் திரும்ப, காலேஜ் விளையாட்டை நடத்துற அமைப்பான என்சிஏஏ விடலை. அப்பீல் முடியற வரை ஏஜென்ட் காகிதத்தில் கையெழுத்தே போடக்கூடாது, கீழ்க்கோர்ட் வெற்றி கையில் நிக்காது.

ஆனா கிளாரெட்டோட 2006 கொள்ளையும், அந்த ஆகஸ்டில் காரில் சிக்கிய துப்பாக்கிகளும் கோர்ட் செஞ்சதில்லை. ஏழரை வருஷத் தண்டனை, மூணரை வருஷம் கழிச்சு 2010ல் வெளியே. அதே வருஷம் யுஎஃப்எல்ங்கிற சின்ன லீகில் ஒமாஹா டீமுக்கு ஆடினார். என்எஃப்எல்லில் ஒரு ரெகுலர் சீசன் மேட்ச்கூட கிடைக்கலை.