செம்புக்குள் காலி இடம் தேடிய நாட்கள்: பாசிட்ரான் அனுபவங்கள்

வடசேரிக்காரி:
நம்ம குமரி மாவட்டத்துல இருந்து இயற்பியல் படிக்கப் போய், பாசிட்ரானோட (எலக்ட்ரான் மாதிரியே, ஆனா நேர்மின் உள்ள துகள்) பழகினவங்க யாராவது இருந்தா எழுதுங்க. நான் தொடங்கி வைக்கிறேன்.

அப்பா வடசேரியில கோவில் நகை செய்றவர். வெள்ளிக் கம்பியை இழுக்க இழுக்க விறைச்சுக்கிட்டே வரும், விட்டா அறுந்துடும். அதுக்கு முன்னாடி நெருப்புல காட்டிச் சுட்டு எடுப்பார். திரும்பவும் நல்லா வளையும். ஏன் அப்படின்னு எனக்குப் புரிஞ்சது ஆராய்ச்சிக்குப் போன பிறகுதான்.

உலோகத்துல அணுக்கள் வரிசையா அடுக்கியிருக்கும். அடிச்சாலோ இழுத்தாலோ அந்த வரிசை குலையும், அங்கங்க ஒரு அணு இல்லாம இடம் காலியாக் கிடக்கும். பாசிட்ரானை உள்ள விட்டா அந்தக் காலி இடத்துல போய் மாட்டிக்கும். ஏன்னா நேர்மின் உள்ள அணுக்கரு அதைத் தள்ளுது, அணுவே இல்லாத இடத்துல தள்ள ஆள் இல்லை. பாசிட்ரான் ஒரு எலக்ட்ரானைச் சந்திச்சா ரெண்டும் சேர்ந்து அழிஞ்சுடும். காலி இடத்துல எலக்ட்ரானும் குறைவு, அதனால அழியக் கொஞ்சம் நேரம் கூடும். அந்த நேரத்தைத்தான் அளக்குறோம்.

பாசிட்ரானை வெளிவிடுற கதிரியக்க சோடியம்-22 உப்புக் கரைசலை, கேப்டான்ங்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாள்ல ஒரு சொட்டு விட்டு, உலத்தி, மூடி, ரெண்டு செம்புத் துண்டுக்கு நடுவுல வைப்போம். பாசிட்ரான் பிறக்கும்போது 1274 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல்ல காமா கதிர் ஒண்ணு வரும். அழியும்போது 511ல ரெண்டு வரும். ரெண்டுக்கும் நடுவுல உள்ள நேரம்தான் அதோட ஆயுள். பழுதில்லாத செம்புல 110–120 பிக்கோ விநாடி, காலி இடத்துல மாட்டினா 180ஐ ஒட்டி வரும். பிக்கோ விநாடின்னா ஒரு விநாடியில லட்சம் கோடியில ஒரு பங்கு.

என் முதல் செம்பை வெற்றிட உலையில பக்குவமாச் சுட்டு, ஆறவிட்டு, பளபளன்னு இருக்கணும்னு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். ஆயுள் 150க்கு மேல வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் பத்து லட்சம் எண்ணிக்கை சேரணும், மணிக்கணக்கா காத்திருக்கணும். மூணு நாள் கருவியையே சந்தேகப்பட்டேன். போன்ல அப்பாகிட்ட சொன்னப்ப ஒரே கேள்வி: "சுட்ட பொறவு தேய்ச்சியா மக்ளே? தேய்ச்சா மேல விறைச்சுப் போவும்லா."

அதேதான். சோடியத்துல இருந்து வர்ற பாசிட்ரான்ல பெரும்பாலானது செம்புக்குள்ள சில பத்து மைக்ரான் ஆழத்துலயே நின்னுடும். நான் தேய்ச்சுக் குலைச்ச தோலைத்தான் அது எனக்குக் காட்டியிருக்கு. அடுத்த தடவை முதல்ல தேய்ச்சு, அமிலத்துல மேல்தோலை அரிச்சு, கடைசியா சுட்டேன். 120 பக்கத்துல வந்து நின்னுச்சு. அப்பாவுக்குச் சொன்னேன். "பின்ன?"ன்னார், அவ்வளவுதான்.

தக்கலை வாத்தியார்:
வாசிச்சு ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு 1932ல ஆண்டர்சன் பாசிட்ரானைக் கண்டுபிடிச்சார்னு சொல்லிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருவேன். இனிமே உங்க அப்பா கேட்ட கேள்வியையும் சேர்த்துச் சொல்வேன். குறைகடத்தியில இது எப்படி?

குழித்துறைப் பையன்:
நான் சிலிக்கான்ல வேலை பாத்தேன் சார். முழுசான சிலிக்கான்ல ஆயுள் சுமார் 218 பிக்கோ விநாடி. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு அணு இல்லைன்னா 300 அளவுக்குப் போகும். ஆனா உலோகத்துல இல்லாத ஒரு சிக்கல் இங்க உண்டு. காலி இடத்துக்கே மின்னூட்டம் இருக்கும். அது நேர்மின்னா பாசிட்ரானைத் தள்ளிவிட்டுரும்.

ஒரு தடவை 218ஐ ஒட்டி வந்ததும் "பழுது இல்லை"ன்னு குறிப்பேட்டுல எழுதிட்டேன். அடுத்த மேசை அக்கா பாத்துட்டு, "இது பி-வகையா, என்-வகையா?"ன்னாங்க. பி-வகை, அதாவது எலக்ட்ரான் பற்றாக்குறையா இருக்குற சிலிக்கான்; அதுல காலி இடம் நேர்மின்னா இருக்கலாம். "அப்போ பாசிட்ரானுக்குத் தெரியலைன்னு எழுது தம்பி"ன்னாங்க. அடிச்சுட்டு மாத்தி எழுதினேன். இன்னைக்கும் முடிவு எழுதும்போது அந்த வரி ஞாபகம் வரும்.

மெல்லிய படலம்னா சோடியம் மூலத்தை அப்படியே வெச்சா பாசிட்ரான் ஊடுருவிப் போயிரும். வேகத்தைக் குறைச்சு, வேண்டிய ஆற்றல்ல கற்றையா அனுப்பணும். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துல அப்படி ஒரு கற்றை இருக்கு.

மணவாளக்குறிச்சி:
எனக்கு வீட்டுலதான் பெரிய சோதனை. கதிரியக்க மூலத்தோட வேலைன்னு சொன்னதும் அம்மா அழுதுட்டாங்க. எங்க கடற்கரை மணல்ல மோனசைட்ங்கிற கனிமம் இருக்கு, அதுல கதிரியக்கத் தோரியம் இருக்கு. அந்தப் பேச்சுக்கு நடுவுலதான் நாங்க வளர்ந்தோம், அம்மா பயத்தைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். உக்கார வெச்சு மெதுவா விளக்கினேன். சோடியம்-22 ரெண்டரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேல போனாலே பாதியாயிடும், தோரியம் பாதியாக 1,400 கோடி வருஷம் ஆகும். நான் எடுக்குறது ஒரு துளி, கவசத்துக்குள்ள வெச்சுத்தான் தொடுறேன். முழுசா நம்பலை, ஆனா போக விட்டாங்க.

இப்ப ஒரு ஆசை. அதே மணல்ல சிர்கான்ங்கிற கனிமமும் உண்டு. அதுக்குள்ள இருக்குற கொஞ்சம் யுரேனியமும் தோரியமும் கோடிக்கணக்கான வருஷமா சிதைஞ்சு, சுத்தியுள்ள அணுக்களை இடம்பெயர்த்திருக்கும். அதைப் பாசிட்ரானால பாக்கணும். பொடியா வெச்சா துகள் இடுக்குல மாட்டுறதும் சேர்ந்து ஆயுளைக் குழப்புமேன்னு தயங்குறேன். சிர்கான் பொடியை அழுத்தி வில்லையாக்கிப் பாத்தவங்க இருந்தா, எப்படிச் செஞ்சீங்கன்னு சொல்லுங்க.