அழிக்கப்பட்ட உரையாடல் துரோகமாகுமா?

கேள்வி:
நான்கு ஆண்டுகளாக என்னைக் காதலிப்பவர், தம் முன்னாள் காதலியுடன் நள்ளிரவு வரை வாட்ஸ்அப்பில் உரையாடிவிட்டு, உறங்கும் முன் அனைத்தையும் அழித்துவிடுகிறார் என்பதைத் தற்செயலாக அறிந்தேன். நேரில் சந்தித்ததே இல்லை என்கிறார், அதை நம்புகிறேன். இருந்தும் இதை ஏமாற்று என்று சொல்லலாமா?

மறுமொழி 1:
சொல்லலாம். உடலுறவு மட்டுமே துரோகம் என்று கருதாமல், உணர்வுவழித் துரோகம் என்பதையும் உளவியலாளர்கள் தனியே குறிப்பிடுகின்றனர். அந்தரங்கமான நெருக்கமும் துணையிடம் மறைத்தலும் சேரும்போது அது உருவாகிறது. என்ன பேசினார் என்பதைவிட, நீங்கள் அறைக்குள் நுழைந்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கிறாரா என்பதே எனக்கு முக்கியம். (நானும் ஒரு காலத்தில் கவிழ்த்து வைத்தவன்தான்.)

மறுமொழி 2:
அவ்வளவு விரைவாகத் தீர்ப்பு வழங்க எனக்கு மனமில்லை. சண்டைக்கு அஞ்சி அழிப்பவரும் உண்டு. முன்னாள் காதலர்களுடன் பேசலாமா, கூடாதா என்று நீங்கள் இருவரும் எப்போதாவது வெளிப்படையாகப் பேசி முடிவெடுத்தீர்களா?

கேள்வி கேட்டவர்:
இல்லை. கேட்காமலேயே அவருக்குத் தெரியும் என்று எண்ணிவிட்டேன்.

மறுமொழி 2:
அப்படியானால், முதலில் அதைப் பேசுங்கள். அதன் பிறகும் அழித்தால், முதல் மறுமொழியாளரின் பக்கம் நானும் சேர்ந்துகொள்கிறேன்.